ஓய்வுநாளும் மலைப்பாதையும்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு, பிரயாணம் என்பது புதிய செய்தியன்று. ஆண்டுக்கொரு முறை மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறுகிறவர்கள் நாம். எந்த நிலையத்தில் எது உண்ணலாம், எது ஆகாது என்று கணக்குப் பார்த்தே வழி நடந்தவர்கள் நம் பெரியோர். ஆகவே, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் முதற்கேள்வியில் அயலாகத் தோன்றினாலும், சற்று நேரத்தில் நமக்கு உறவாகிவிடும். தம் சமய நியமங்களை வழுவாது காக்கும் யூத இளைஞர்கள், காரின்றி, சிறு தொகையோடு, பாலக்காட்டிலிருந்து இடுக்கி மலை வரை செல்வது எங்ஙனம் என்பதே அப்பொருள்.

ஒரு கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை நண்பகலில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் நாம் கண்ட காட்சியொன்று நினைவுக்கு வருகிறது. உச்சந்தலையில் சிறு குல்லாய் அணிந்த இரண்டு அயல்நாட்டு இளைஞர்கள் மூணாறு செல்லும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தனர். பஸ் தாமதித்து இரண்டரை மணிக்கு வந்தது. மூணாற்றை எப்போது அடையும் என்று அவர்கள் கேட்டனர். "ஆறரை ஆகும், தம்பி" என்றார் நடத்துநர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஏற்றிய பையை இறக்கிக்கொண்டனர். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்தார். "பஸ்ஸை ஓட்டப்போவது நீங்களா? உட்கார்ந்தால் போதுமே!" என்றார். இளைஞர்கள் பொறுமையாகத் தலையசைத்து மறுத்தார்கள். அன்றும் மறுநாளும் அவர்கள் உடுமலையிலேயே தங்கினர். மூணாற்றில் முன்னதாகக் கட்டியிருந்த அறைப்பணம் வீணாயிற்று. சிறு தொகையோடு வந்தவர்களுக்கு அது பெருநஷ்டந்தான்.

அவர்கள் ஏன் ஏறவில்லை? யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும் வரை நீடிப்பது. அந்நேரத்தில் நெருப்பு மூட்டலாகாது, விளக்கின் பொத்தானை அழுத்தலாகாது, எழுதலாகாது, பணத்தைத் தொடலாகாது, வாகனத்தில் ஏறலாகாது. ஓட்டுகிறவர் வேறொருவர் ஆயினும் விதி மாறுவதில்லை. ஆகவே, கார் இல்லாமற் செல்பவருக்குக் கால அட்டவணையைக் காட்டிலும் கதிரவனே பெரிய அதிகாரி.

இவ்விஷயத்தில் நம் நாடு அவர்களுக்கு ஒரு சௌகரியம் செய்து தருகிறது. லண்டனில் மார்கழி மாதத்தில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். பாலக்காடும் மூணாறும் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையிலேயே சூரியன் மறைகிறான். கணக்கு எளிது, மறந்தால்தான் துன்பம்.

யூதர்கள் இம்மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. பல்லக்கும் குடையும் அவ்வுரிமைகளில் அடங்கும். மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568-ஆம் ஆண்டில் எழுந்தது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். எஞ்சியோர் மிகச் சிலரே. மாளையிலிருந்த ஜெப ஆலயத்தை அவ்வூர் யூதர்கள் 1955-இல் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டனர். பல்லக்கேறும் உரிமை பெற்றிருந்த மரபினரின் நாட்டை இன்று அதே சமயத்து இளைஞர்கள் பஸ்ஸில் இடம் பிடித்துக் காண வருகிறார்கள்.

இனி, வழியைக் காண்போம். கொச்சியில் ஓய்வுநாளைக் கழித்தவர், ஞாயிற்றுக்கிழமை எறணாகுளத்தில் ரயிலேறிப் பாலக்காடு வரலாம். மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் கணவாயில் அமைந்த ஊர் அது. ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டையையும், கல்பாத்தி அக்கிரகாரத்தையும் ஒரு நாளில் காணலாம். பின்னர்ப் பொள்ளாச்சி. இங்கே எல்லையின் வேடிக்கை ஒன்று உண்டு. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் சாலை வழியே அங்குச் செல்ல, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டின் வழியாகவே புக வேண்டும். கேரளத்தைக் காணத் தமிழ்நாட்டைக் கடப்பது இவ்வெல்லையின் இயல்பு.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. உடுமலையிலிருந்து சின்னாறு காட்டைக் கடந்து மறையூர் ஏறும் பாதை, மழை மறைவுப் பகுதியின் முட்புதர்களில் தொடங்கிச் சந்தன மரங்களில் முடியும். இதனைப் பகலிலேயே கடப்பது நலம். வியாழக்கிழமை மறையூரில் தங்குக. மறையூரிலிருந்து மூணாறு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை காலைப் பஸ் தவறினாலும் அடுத்தது உண்டு. அதுவும் தவறினால் ஜீப்பில் பங்குபோட்டுப் போகலாம். உடுமலை இளைஞர்கள் இழந்த பணம் நமக்குக் கற்பித்த விதி இதுவே: வாரத்தின் மிகக் குறுகிய பயணத்தையே வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்க வேண்டும்.

மூணாற்றில் நண்பகலுக்குள் சேர்ந்தவர் செய்ய வேண்டுவன சில. விடுதிப் பதிவேட்டில் கையொப்பமிடுவதும், கடவுச்சீட்டைக் காட்டுவதும், வாடகை செலுத்துவதும் அன்று மாலைக்குள் முடிய வேண்டும். மறுநாள் எழுத முடியாது. மாடியேற மின்தூக்கி தேவைப்படாத கீழ்த்தள அறை நன்று. வீதியில் பொருள் சுமந்து செல்வதும் ஓய்வுநாளில் விலக்கு என்பதால், சாவியை விடுதிக்காரரிடமே ஒப்படைத்துச் செல்லலாம். ஊரின் எல்லையிலிருந்து இரண்டாயிரம் முழம், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரையில் நடக்க அவர்களுக்கு அனுமதி உண்டு. தேயிலைச் சரிவுகளின் காலைப் பனியைக் காண அது போதும். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்க. வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில் அப்பூங்கா மூடப்படும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

செலவு குறைய வேண்டுவோர்க்கு ஒரு செய்தி. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020-ஆம் ஆண்டில், மூணாறு பணிமனையில் நிறுத்திய பஸ்களையே படுக்கையறைகளாக்கிக் குறைந்த வாடகைக்குத் தரத் தொடங்கிற்று. ஓடாத பஸ்ஸில் உறங்குவது ஓய்வுநாள் விதிக்கு மாறாகாது போலும்! ஆயினும், வசதி இப்போது எவ்வாறுள்ளது என்பதை முன்கூட்டி விசாரித்தே செல்க.

உணவு அடுத்த கேள்வி. "சுத்த சைவம்" என்ற பலகையைக் கண்டால் நாம் நிம்மதியடைகிறோம். யூதருக்கு அது பாதி நிம்மதியே. இறைச்சியும் பாலும் கலவாது என்பது உறுதி. விலக்கப்பட்ட ஊனும் இல்லை. ஆனால், பாத்திரம் எதற்குப் பயன்பட்டது, அடுப்பை மூட்டியது யார், கீரையில் புழு நீக்கப்பட்டதா என்ற கேள்விகள் எஞ்சும். சிலர் சைவ விடுதியில் உண்பர். சிலர் தம் பாத்திரத்தில் தாமே சமைப்பர். எங்கே கோடு கிழிப்பது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். நாம் வற்புறுத்தி இலை போட வேண்டா.

தாமே சமைப்பவர், எரிவாயு அடுப்பையும் மண்ணெண்ணெயையும் ரயிலில் கொண்டுசெல்லக்கூடாது என்பதை அறிக. ஒரு சிறு மின்அடுப்பும் ஒரு பாத்திரமும் இருந்தால், அரிசியும் பருப்பும் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். நேந்திரம்பழம், இளநீர், வறுக்காத நிலக்கடலை, முதலமடை மாம்பழம் ஆகியவை பெரும்பாலும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஓய்வுநாளுக்கான உணவை வெள்ளிக்கிழமை மாலைக்குள் சமைத்து வைத்துவிட வேண்டும்.

மூணாற்றிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களைக் கடந்து இறங்கினால் போடிநாயக்கனூர். பல ஆண்டுகள் நின்றிருந்த மதுரை ரயில், அகலப்பாதையில் 2023 ஜூன் மாதம் முதல் மீண்டும் அங்கு வருகிறது. கார் இல்லாதவருக்கு அது பெரிய வரம்.

ஒரு எச்சரிக்கையும் கூறுவோம். ஆனி, ஆடி மாதங்களின் பெருமழையில் இம்மலைகளில் ஏறுவது தகாது. 2020 ஆகஸ்ட் 6 இரவில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவந்த தமிழ்க் குடும்பத்தினரே அவர்களுள் பெரும்பாலோர். மலையின் அழகைக் காண வருவோர், அதன் சரிவில் வாழ்வோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேயர்களே, உடுமலையில் சிரித்த பெரியவரைப் பற்றி ஒரு சொல் சொல்லி முடிப்போம். இளைஞர்கள் நிலைமையை விளக்கியபின், அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "எங்கள் அம்மா காசிக்குப் போனபோது, மூன்று நாளும் ரயிலில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை" என்றார். பின்னர், வெயிலில் அவர்களை அழைத்துச் சென்று, நிலையத்துக்கு அருகே மலிவான விடுதியொன்றில் இடம் பிடித்துக் கொடுத்தார். பொழுது சாய அப்போது இரண்டு மணி நேரமே இருந்தது.

அயலூரில் வாழும் நாம் நம் நியமங்களுக்கு இடம் கேட்டு நின்றவர்கள். பிறர் தந்த இடத்தில் வாழ்கிறவர்கள். நாளை நம் பக்கத்து இருக்கையில் அத்தகைய இளைஞன் ஒருவன் வந்தமர்ந்து, "சூரியன் மறையுமுன் போய்ச் சேருமா?" என்று கேட்பானாயின், நகையாது நேரம் பார்த்துச் சொல்லுவோம்.