மூன்று நாள் காய்ச்சல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், 1976–79 இயற்பியல் வகுப்பின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓய்வுக்குப் பின் வாழ்க்கை’. சர்க்கரை, ரத்த அழுத்தம், காலை நடை என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் அதையெல்லாம் சொல்லிவிட்டார்கள். அதனால் நான் ஒரு சுற்றுலாவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரம், ஒரு சனி ஞாயிறு, குடும்பத்தோடு பாண்டிச்சேரி போய்வந்த கதை. 2006-லேயே புதுச்சேரி என்று பேர் மாற்றிவிட்டார்கள். நம்ம வாயில் இன்னும் பாண்டிதான் வருது.

போனது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரம்மா, மகள், மாப்பிள்ளை, நாலாவது படிக்கிற பேத்தி. சேலத்திலிருந்து விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழி. இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். மாப்பிள்ளை, “மாமா, வழியெல்லாம் ஓட்டல் இருக்கு”ன்னார். என் வீட்டுக்காரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. விழுப்புரம் தாண்டறதுக்குள்ளே புளிசாதத்தில் பாதியைக் காலி செய்தது மாப்பிள்ளைதான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். நடுவில் ஒரு கால்வாய் ஓடுது. அதற்குக் கிழக்கே கடல் பக்கம் வெள்ளைக்காரர் இருந்த பகுதி, மேற்கே நம்ம ஜனங்கள் இருந்த பகுதி. தெருக்களெல்லாம் கோடு போட்டாற்போல நேராக இருக்கும். தெருப் பெயர் நீலப் பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கும். காவலர்கள் தலையில் சிவப்புத் தொப்பி. பேத்திக்கு எல்லாவற்றையும்விட அந்தத் தொப்பிதான் பிடித்தது.

மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போனோம். யானையிடம் ஆசி வாங்கணும்னு பேத்தி ஆசையாக வந்தாள். லட்சுமி என்கிற அந்த யானை 2022 நவம்பரில் காலை நடைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்துபோச்சு. பேத்தியிடம் அதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கூட நடந்த பாகன் என்ன பண்ணியிருப்பார் தாத்தா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு இருக்கு. 1908-இல் வந்தவர் 1918 வரை பத்து வருஷம் பாண்டியில்தான் இருந்தார். ஆங்கிலேயன் கை எட்டாத பிரெஞ்சு மண் என்பதால் வந்தவர். ஆனந்தரங்கப் பிள்ளையும் இந்த ஊர்க்காரர்தான். துய்ப்ளே காலத்துத் துபாஷி. 1736-இல் தொடங்கிக் கடைசி நாட்கள் வரைக்கும் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1761 ஜனவரியில் அவர் கண் மூடிய சில நாளில் ஊர் ஆங்கிலேயர் வசம் விழுந்தது. கட்டடங்களையெல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற ஊர் அதற்கப்புறம் எழும்பினது. பழைய அரசியலில் ஆர்வம் உள்ளவர்கள் கீழூருக்கும் போகலாம். 1954 அக்டோபர் 18-இல் அங்கேதான் இந்தியாவோடு சேருவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் சேரலாம் என்றார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது.

இதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறே.

சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலை. அந்த நேரத்தில் வண்டிகளை விடுவதில்லை, ஜனங்கள் தாராளமாக நடக்கிறார்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேத்தி கேட்டாள்: “தாத்தா, நீங்க காலேஜ் படிக்கறப்ப இங்கே டூர் வந்தீங்களா?”

“வகுப்பு வந்துச்சு கண்ணு. எனக்கு அப்போ காய்ச்சல்.”

நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லிப் பழகின பொய். யோசிக்காமலே வாயில் வந்தது. என் வீட்டுக்காரம்மாவுக்கும் அதுதான் தெரியும்.

1978 டிசம்பர். நம்ம வகுப்புச் சுற்றுலா அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது இங்கே இருக்கிற பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். என் அப்பா கைத்தறி நெசவாளி. ஒரு வாரம் முழுக்கக் காலை மிதித்தாலும் அவ்வளவு சேராது. அந்த மாதம் பாவும் சரியாகக் கிடைக்கவில்லை. ஊருக்குப் போனேன், கேட்கவேண்டும் என்றுதான் போனேன். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். “என்ன சாமி, திடீர்னு வந்திருக்கே?”ன்னார். “சும்மாதாம்ப்பா”ன்னு சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

என் அறைத் தோழனிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அவன் கொடுப்பான் என்று தெரிந்ததனால்தான் நான் கேட்கவில்லை. பேருந்து கிளம்புகிற அன்றைக்குப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். “காய்ச்சல்டா, நீங்க போய்ட்டு வாங்க.”

அதன் பலனையும் அனுபவித்தேன். விடுதிச் சமையல்காரர் நல்ல மனுஷர். காய்ச்சல்காரப் பையன் என்று மூன்று நாளும் எனக்கு அரிசிக் கஞ்சி மட்டும்தான் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசனை மாடிவரைக்கும் வருது, நான் கஞ்சி குடிக்கிறேன். இப்போது நீங்கள் சிரிக்கலாம், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி என் தோழன் வந்தான். நேரே என் கட்டிலுக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு இங்க் புட்டியை எடுத்தான். கழுவித் துடைத்த புட்டி. அதில் காந்தி சிலைக்கு நேரே கரையிலிருந்து அள்ளின மணல். “நீதான் வரமுடியலையே, அதான் கடலைக் கொண்டாந்தேன்”ன்னான்.

நண்பர்களே, அந்த அன்பை வாங்கிக்கொள்கிற மனசு எனக்கு அன்றைக்கு இல்லை. எனக்கு வந்தது கோபம். அவன்மேல் ஏன் கோபம் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் தூங்கினபிறகு விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் அந்த மணலைக் கொட்டினேன். புட்டியையும் அங்கேயே வீசிவிட்டு வந்து படுத்தேன். நாலு நாள் கழித்து, “புட்டி எங்கேடா?” என்று கேட்டான். “கைதவறி உடைஞ்சுபோச்சுடா”ன்னேன். “விடு, அடுத்த தடவை நாமே போய் அள்ளிக்கலாம்”ன்னான். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. அவனுக்கு வடக்கே வேலை, எனக்குத் தொலைபேசித் துறையில் வேலை. ஒவ்வொரு சந்திப்பிலும் கைகுலுக்குவோம், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்போம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நானும் பேத்தியும் மட்டும் சூரியோதயம் பார்க்கக் கடற்கரைக்கு நடந்தோம். அவன் மணல் அள்ளின இடத்தைப் பார்க்கணும்னு எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை. போனால், நெடுகக் கருங்கல். பாறை பாறையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணலைக் காணோம்.

நாம் இயற்பியல் படித்தவர்கள், காரணம் சுலபமாகப் புரியும். இந்தக் கரையில் அலைகள் கொஞ்சம் சாய்வாக வந்து மோதும். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டே போகும். கரை என்பது நிற்கிற மணல் அல்ல, போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிற மணல். 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். வருகிற மணல் அதற்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே அலை எடுத்துக்கொண்டு போனது போனதுதான், ஈடாக வருவது நின்றது. கரையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டவேண்டி வந்தது. பிறகு 2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. அலையின் வேகம் அங்கே தணிந்து, ஒரு துண்டு மணல் மறுபடி சேர்ந்தது.

அந்தத் துண்டில்தான் பேத்தி இறங்கினாள். அங்கே நின்றபடி அவளிடம் உண்மையைச் சொன்னேன். காய்ச்சல் இல்லை, காசு இல்லை. புட்டி உடையவில்லை, நானே கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

“அந்த ஃப்ரெண்டுகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்லை.”

“அவர் இருக்காரா?”

“இருக்கார்.”

“அப்புறம் என்ன?”

அவள் தண்ணீர் பாட்டிலைக் காலி பண்ணி, “அவருக்கு மணல் எடுத்துட்டுப் போலாம் தாத்தா”ன்னு குனிந்தாள். நானும் கூடக் குனிந்தேன். ஒரு பிடி அள்ளினபிறகு கை வரவில்லை. முப்பது வருஷம் இல்லாமல் இருந்து இப்போதுதான் சேர்ந்திருக்கிற மணல். ஆளுக்கொரு பிடி எடுத்தால் மறுபடி கல்தான் மிச்சம். விட்டுவிட்டோம். அதனால் இன்றைக்கு வெறுங்கையோடுதான் வந்திருக்கிறேன்.

அறைக்குத் திரும்பி வீட்டுக்காரம்மாவிடமும் சொன்னேன். “அன்னிக்கே உங்கப்பாகிட்ட கேட்டிருக்கணும்”ன்னாள். கொஞ்சம் யோசித்து, “கேக்காததும் சரிதான்”ன்னாள். இரண்டும் சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்றைக்கும் சுற்றுலா அறிவிப்பு ஒட்டின உடனே காய்ச்சல் வருகிற பிள்ளைகள் நம் கல்லூரியில் இருப்பார்கள். அவர்களுக்காக ‘ஏழை மாணவர் நிதி’ என்று வைக்காதீர்கள். அப்படி ஒரு நிதி அன்றைக்கு இருந்திருந்தாலும் நான் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன். மூன்றாமாண்டு வகுப்புக்கு, வகுப்பு முழுவதற்கும், பேருந்து வாடகையைச் சங்கமே கட்டட்டும். யார் கொடுக்க முடியாதவன் என்று யாருக்கும் தெரியவேண்டாம். முதல் பங்காகப் பத்தாயிரம் ரூபாயைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு வார்த்தை, மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு.

அந்தப் புட்டி உடையலைடா. நான்தான் கொட்டினேன். என்னை மன்னிச்சுக்கோ. உடம்பு ஒத்துழைத்தால் தை மாதத்துக்குள் நாம் இரண்டு பேரும் போவோம். மணல் அள்ளவேண்டாம், சும்மா உட்கார்ந்துவிட்டு வருவோம். பேருந்துக் கட்டணம் என்னுடையது.