கஞ்சா கொடுநஞ்சுக்கு வாயிலா?



கஞ்சாவுக்குச் சட்டம் இசைவு தந்துவிட்டால் இளைஞர் அடுத்து எராயினுக்குத் தாவிவிடுவர் என்னும் அச்சம் உலகெங்கும் உண்டு. அதற்குக் காட்டப்பெறும் சான்று, எராயினுக்கு அடிமைப்பட்டோருட் பெரும்பாலார் முன்பு கஞ்சா புகைத்தவர்கள் என்பது. உண்மையே. ஆற்றில் மூழ்கியோர் எல்லாரும் முதலிற் கரையில் நின்றவர்கள்தாம். கரையில் நின்றோர் எல்லாரும் மூழ்கிப் போனார்களா? கஞ்சா புகைத்தோருள் மிகப் பெரும்பாலார் எராயினைத் தொட்டதே இல்லை என்பதையும் சேர்த்தன்றோ எண்ணுதல் வேண்டும்!

இவ்வினாவை நாட்டளவில் ஆய்ந்து பார்த்தது நெதர்லாந்து. 1970களின் தொடக்கத்தில் ஆம்சுடர்டாம் நகரில் எராயின் புகுந்தது. இளைஞனைக் கொடுநஞ்சுக்கு இழுத்துச் செல்வது செடியன்று, இரண்டையும் ஒருங்கே விற்கும் கள்ள வணிகனே என்று அந்நாட்டார் கருதினர். கஞ்சா வாங்க வந்தவனிடம் எராயினை நீட்டினால் அவ்வணிகனுக்கு ஊதியம் பன்மடங்கு. பற்றிக்கொண்டவன் விட்டகலவும் மாட்டான். ஆகவே இரு சந்தைகளையும் பிரிக்க முனைந்து, 1976-இல் அபினிச் சட்டத்தைத் திருத்தினர். கொடிய பொருள்களுக்கு ஒறுப்பு மிகுந்தது. சிற்றளவு கஞ்சாவுக்குக் குறைந்தது. குளம்பிக்கடை என்னும் பெயரிற் கஞ்சாக் கடைகள் தோன்றின. விற்பனை அங்கும் சட்டப்படி குற்றமே. காவல்துறை கண்டும் காணாமல் விடுகின்றது, அவ்வளவே. ஆளொருவர்க்கு 5 கிராம். 1996-க்கு முன் 30 கிராம். 18 அகவை நிரம்பாதார் நுழையலாகாது. கொடிய பொருள் விற்றாற் கடை மூடப்படும்.

விளைந்தது என்ன? எராயின் அடிமைகளின் அகவை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே வந்தது. பழையவர் முதுமையுற்றனர், புதிய இளைஞர் மிகுதியாகச் சேரவில்லை. இதற்குக் குளம்பிக்கடையே முழுக் கரணியம் என்பது மிகை. மருத்துவப் பணிக்கும் பங்குண்டு. ஆயினும் கஞ்சா எளிதிற் கிடைத்த அந்நாட்டில் எராயின் வெள்ளம் பெருகவில்லை.

மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. கடைகள் பெருகியபோது கஞ்சா புகைக்கும் இளைஞர் தொகையும் கூடியது. கடை பெருகினாற் பழக்கம் பெருகும் என்பது, 2003 முதல் அரசே மதுக்கடை நடத்தும் தமிழ்நாட்டார்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. மேலும், முன்வாயிலில் விற்க விட்ட அரசு, பின்வாயிலிற் சரக்கு வாங்குவதை நெடுங்காலம் குற்றமாகவே வைத்திருந்தது. அவ்வழியே கள்ளக் கூட்டத்தார் கொழுத்தனர். அரசு ஒப்பிய பண்ணைகளிலிருந்து கடைகட்குக் கஞ்சா தரும் ஆய்வு 2023 திசம்பரில்தான் தொடங்கிற்று.

தில்லியரசு 1985-இல் இயற்றிய சட்டமோ கஞ்சாவின் பூவையும் பிசினையும் எராயினோடு ஒரே கூண்டில் அடைத்தது. இலையை வெளியே விட்டது. இரண்டையும் விற்பவன் ஒருவனே ஆகலாமா என்னும் வினாவை அச்சட்டம் எழுப்பவே இல்லை.