போலீஸ் இலாகாவும் கிராமத்தாரும்

(வால்பாறையில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இம்மலைக்கு வந்திருக்கும் சமவெளி விவசாயிகளுக்கும், தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களுக்கும் நமது வணக்கம். விதை, உரம், குடிநீர், சாலை ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று போலீஸ் இலாகா எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைச் சொல்ல முன்வந்துள்ளோம். வளர்ச்சி அதிகாரிக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக, நம்முடைய பிழை ஒன்றையே முதலில் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நாம் பணியாற்றியபோது, ஒரு சிறு விவசாயியின் கிணற்று மோட்டாரை இரவோடிரவாக எவரோ கழற்றிச் சென்றுவிட்டனர். அவர் முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சென்றார். "விசாரித்துப் பார்ப்போம், பொறு" என்று இரண்டு நாட்கள் கழிந்தன. பிறகு நம்மிடம் மனுவுடன் வந்தார். நாமோ, மனுவின் மேல் "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று எழுதித் தபாலில் சேர்த்தோம். அது போலீஸ் ஸ்டேஷனை அடைய மேலும் ஒரு வாரம் ஆயிற்று. மோட்டார் கிடைக்கவில்லை; நீரில்லாமல் வாழையும் வாடிற்று. எந்த வாசலை எப்பொழுது தட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய நாமே அதைச் சரிவர அறிந்திருக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இப்பேச்சு.

பழைய நாளில் நம் ஊர்களைக் காத்தவர்கள் காவல்காரரும் தலையாரியுமே ஆவர். கம்பெனி ஆட்சியில், 1816ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரமும் ஒப்படைக்கப்பட்டது. வரி தண்டுகிறவர் கையிலேயே தடியும் இருந்தால் என்ன ஆகும்? வரி பாக்கிக்காகக் குடியானவர்கள் வதைக்கப்பட்டதைச் சென்னை ராஜதானியில் அமைந்த விசாரணைக் கமிஷன் 1855இல் வெளிப்படுத்தியது. அதன் பின்னரே, 1859ஆம் ஆண்டு 24ஆவது சட்டத்தினால் போலீஸ் இலாகா வருவாய் இலாகாவினின்றும் பிரிக்கப்பட்டது. இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டம் 1861இல் வந்தது. ஆகவே, தனிப் போலீஸ் இலாகா தோன்றியதற்கு நம் முன்னோரான உழவர்களின் கண்ணீரும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

இங்கிலாந்தின் வழி வேறு. லண்டனில் 1829இல் புதிய போலீஸ் படை ஏற்பட்டது. மாவட்டந்தோறும் படை வைப்பது 1856ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் வட்டாரப் படைகள் 43 உண்டு. பெரும்பாலான படைக்குத் தலைவர் 'சீப் கான்ஸ்டபிள்' எனப்படுவார். நம் நாட்டில் அவ்வாறன்றி, அயர்லாந்துப் படையின் மாதிரியைத் தழுவி, ஒரே தலைமையின் கீழ் முழு ராஜதானிக்கும் ஒரே இலாகா அமைத்தார்கள். இன்றும் அரசியல் சட்டப்படி போலீஸ் மாநில அரசின் பொறுப்பே ஆகும்.

இந்த இலாகாவை ஓர் ஏணியாகப் பாவித்துக் கொள்ளுங்கள். உச்சியில் சென்னையில் டைரக்டர் ஜெனரல் இருக்கிறார். அவருக்குக் கீழ் வடக்கு, மத்தி, மேற்கு, தெற்கு என்று மண்டலங்கள். மண்டலத்துக்கு ஒரு ஐ.ஜி. மேற்கு மண்டலத்தின் தலைமையிடம் கோயம்புத்தூர். அடுத்து, சரகத்துக்கு ஒரு டி.ஐ.ஜி.; மாவட்டத்துக்கு ஒரு சூப்பரின்டென்டென்ட். கோவை மாநகருக்கு 1990 முதல் தனிப் போலீஸ் கமிஷனர் உண்டு. நாமோ மாவட்ட சூப்பரின்டென்டென்டின் எல்லையைச் சேர்ந்தவர்கள். மாவட்டம் உட்கோட்டங்களாகப் பிரிந்துள்ளது. வால்பாறை உட்கோட்டத்துக்கு ஒரு டெபுடி சூப்பரின்டென்டென்ட் இருக்கிறார். அடிப்படியில் ஸ்டேஷன்கள். இம்மலையில் வால்பாறை, முடீஸ், சேக்கல்முடி, காடம்பாறை ஆகிய இடங்களில் அவை உள்ளன. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், சப்-இன்ஸ்பெக்டர், தலைமைக் காவலர், காவலர் என்று வரிசை செல்லும்.

பெண்களுக்கென மகளிர் போலீஸ் ஸ்டேஷன்கள் 1992 முதல் நம் மாநிலத்தில் ஏற்பட்டன. கலவரம், வெள்ளம் போன்ற காலங்களில் உதவ ஆயுதப்படையும், கோவைப்புதூர் போன்ற இடங்களில் சிறப்புக் காவல் படையும் உள்ளன. காவலர்களைத் தேர்ந்தெடுப்பதற்கென 1991இல் தனித் தேர்வாணையம் நிறுவப்பட்டது.

இனி, ஏணியின் அடிப்படியில் நமக்குள்ள உரிமைகளைக் கவனிப்போம். 1.7.2024 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 173ஆவது பிரிவு ஒவ்வொரு விவசாயியும் அறிய வேண்டியது.

போலீசார் தாமே விசாரிக்கத்தக்க குற்றம் நடந்ததென்று தகவல் கொடுத்தால், அது எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் பதிவு செய்யப்பட வேண்டும். கேரள எல்லை அருகிலிருக்கும் நமக்கு இது பெரிய உதவி. வாயால் சொன்னால் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டெபுடி சூப்பரின்டென்டென்டின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை செய்ய இடமுண்டு. ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால், விவரத்தை எழுதி சூப்பரின்டென்டென்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் பயனில்லையெனில் மாஜிஸ்டிரேட்டிடம் விண்ணப்பிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு. முன்னது மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம் மட்டுமே. பின்னதே வழக்கின் தொடக்கம். ரசீதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வழக்கு நடக்கிறதென்று காத்திருப்போர் பலர். கையில் இருப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு பதிவானால், விசாரணையின் நிலையை 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டுமென்பதும் சட்டம்.

கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். சாட்சி சொல்ல வேண்டிய பெண்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்தே விசாரிக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளை டெபுடி சூப்பரின்டென்டென்டின் தரத்துக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும். மலைக் குடியிருப்புகளில் வாழும் நம் சகோதரர்களுக்கு இதைச் சொல்லி வைப்பது நம் கடமை.

எல்லாத் துன்பத்துக்கும் போலீஸே வாசல் என்றும் எண்ண வேண்டாம். யானை வீட்டை இடித்தாலோ பயிரை அழித்தாலோ நிவாரணத்துக்கு வனச்சரக அலுவலகத்தை நாட வேண்டும். காட்டு விலங்கால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் வனத்துறைக்கும் போலீசுக்கும் உடனே தெரிவித்தல் அவசியம். நில எல்லைத் தகராறு வருவாய் இலாகாவையும் சிவில் கோர்ட்டையும் சார்ந்தது; அதில் அடிதடி நேர்ந்தால்தான் போலீஸின் வேலை தொடங்குகிறது.

பஞ்சாயத்து அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இது. களவையும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இழைக்கும் கொடுமையையும் ஊர்க்கூட்டத்தில் வைத்துத் தீர்க்க முயலாதீர்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நமக்கில்லை; தாமதத்தால் தடயம் அழியும். துன்பப்பட்டவருக்குத் துணையாக ஒருவர் ஸ்டேஷன் வரை நடந்து செல்வதே பெரிய உதவி. அவசரத்துக்கு 100 அல்லது 112, பணத்தை இணையவழியில் ஏமாந்தவர்களுக்கு 1930, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

காக்கிச் சட்டையைக் கண்டு அஞ்சியோ, அதிகாரியின் மேஜையில் மனுவை வைத்துவிட்டு ஓய்ந்தோ இருந்த காலம் போதும். அந்த விவசாயி அன்று காலையிலேயே ஸ்டேஷனுக்குச் சென்றிருந்தால் மோட்டார் கிடைத்திருக்குமா என்று நாம் உறுதி கூற இயலாது. ஆனால் தேடும் வாய்ப்பாவது இருந்திருக்கும். அந்த வாய்ப்பை இனி எந்தக் குடியானவரும் நம் அறியாமையால் இழக்கக் கூடாது.