வெயில் எல்லாருக்கும் ஒன்றுதானா?

(மாணவர் - இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தாலே நம்மில் சிலருக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. "அதெல்லாம் பனிக்கரடிக்கும் பணக்காரனுக்கும் உள்ள கவலை தோழர். நமக்குச் சுடுகாட்டுக்குப் போகவே பாதை இல்ல" என்கிறார்கள். இந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் சரியில்லை. பாதை மறுக்கப்பட்ட அதே பள்ளத்தில்தான் வெள்ளமும் முதலில் வந்து நிற்கிறது. அதனால் இந்த விசயத்தை நாம் அறிவியலிலிருந்தே புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சூரிய ஒளி பூமியைச் சூடாக்குகிறது. பூமி அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே அனுப்புகிறது. காற்றில் உள்ள கரியமில வாயு அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இது நேற்று கண்டுபிடித்த சங்கதியல்ல. யூனிஸ் ஃபூட் என்கிற அமெரிக்கப் பெண் வாயுக்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த குழாய்தான் அதிகம் சூடேறியது. இது 1856ல். அவருடைய கட்டுரையை மாநாட்டு மேடையில் வாசித்தது ஓர் ஆண். பெண் என்றால் அங்கும் அந்த நிலைதான்.

இயந்திரத் தொழில் வளர்வதற்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958ல் அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்ததுதான் முதன்மையான காரணம். "சூரியனே சூடு கூடிட்டா நாம என்ன பண்றது?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் கீழடுக்கு, மேலடுக்கு இரண்டுமே சூடேற வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடேறுகிறது, மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. சூடு கீழேயே பிடித்து வைக்கப்படுகிறது என்பதற்கு இது அடையாளம். 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போனது.

ஒன்றரை டிகிரிதானே என்று நினைக்கலாம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பெய்தால் கொட்டித் தீர்ப்பதற்கும், பொய்த்தால் நிலம் சீக்கிரம் காய்வதற்கும் இதுவே வழிசெய்கிறது. 2016ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இப்படி நடக்கிற ஒவ்வொன்றுக்கும் இதுமட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. இத்தகைய உச்சங்கள் அடிக்கடி வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் அறிவியல் சொல்வது.

சரி, இது யாருடைய புகை? அமெரிக்காவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியாவில் சுமார் 2 டன். இதைக் காட்டி நமது அரசுகள் உலக மாநாடுகளில் நீதி கேட்கின்றன. கேட்கட்டும், அது நியாயம்தான். ஆனால் அந்த 2 டன் என்கிற சராசரிக்குள்ளே நாலு கார் வைத்திருக்கிற பங்களாவும் இருக்கிறது, விறகடுப்பு எரிகிற குடிசையும் இருக்கிறது. வெளியே ஏழை நாடு என்று பேசுகிறவர்கள் உள்ளே ஊர் எது, சேரி எது என்று கணக்குக் காட்டுவதில்லை.

"வெயிலும் மழையும் சாதி பாத்தா வருது?" என்று கேட்பார்கள். வெயில் சாதி பார்ப்பதில்லைதான். வெயிலில் யார் நிற்பது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. மனித உடம்பு வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது, சூடு உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். கடலோர உப்பளத்திலும், செங்கல் சூளையிலும், நடவு வயலிலும், குப்பை வண்டியிலும் நடப்பது இதுதான். உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, கடும் வெப்பத்தில் செய்யும் வேலையையும் சிறுநீரகப் பாதிப்பையும் தொடர்புபடுத்திக் காட்டியது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் காலநிலை, சாதி, பெண்ணடிமை என்று தனித்தனியாகப் பிரித்துப் பேச முடியுமா?

வெள்ளத்தைப் பாருங்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. வெள்ளம் வடிந்தபின் சென்னையின் சேற்றையும் அழுகலையும் அள்ள வெளிமாவட்டங்களிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று நான் சொல்லத் தேவையில்லை. பிறகு, 'வெள்ள அபாயம்' என்று சொல்லி அடையாற்றங்கரைக் குடிசைகளை அகற்றினார்கள். அந்த மக்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளத்திலேயே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள்!

நிவாரணம் எப்படி அளக்கப்படுகிறது? 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. விழுந்த தென்னைக்கு வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். பயிருக்கு ஹெக்டேர் கணக்கு. மரம் இருப்பவருக்கு மரம் சாட்சி, நிலம் இருப்பவருக்குப் பட்டா சாட்சி. அந்தத் தோப்பில் தேங்காய் உரித்தவர், வரப்பில் அண்டை வெட்டியவர் இழந்த வேலைநாட்களுக்கு எது சாட்சி? 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் நம் கையில் இருந்திருந்தால், அந்தப் பட்டா நம்மிடம் இருந்திருக்கும். அதைக் கேட்டுத்தான் 1994ல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். ஆகவே பஞ்சமி நில மீட்பு காலநிலைப் போராட்டமும்தான். மேட்டு நிலத்தில் மனைப்பட்டா கேட்பதும் அப்படியே.

வேலைநாள் இழப்பைக் கணக்கிட முடியாது என்று அதிகாரிகள் சொன்னால் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று 2021ல் தமிழ்நாடு அரசே அறிவித்தது. அப்படியானால் வெயிலால் நின்றுபோகும் வேலைக்கும், வயற்காட்டுக்கும், சூளைக்கும் அதை ஏன் விரிவாக்கக் கூடாது? 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்திருக்கிறது. வெப்பத்தால் இறந்தால் 4 லட்சம் ரூபாய். ஆனால் வயலில் சுருண்டு விழுந்தவரை 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால் அந்தப் பணம் யாருக்கு வரும்? செத்த பிறகு பணம் தருவதைவிட, உச்சிவெயிலில் கூலி குறையாத ஓய்வு, நிழல், தண்ணீர், கழிப்பறை இவற்றைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் சேரியில் கடைசி வெள்ளம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது, ஊரில் எவ்வளவு நின்றது என்று அளந்து எழுதுங்கள். வெயிலாலும் மழையாலும் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை நாள் வேலை போனது, நிவாரணம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று தேதியோடு குறித்து வையுங்கள். பட்டா இல்லாதவர்களின் இழப்புக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. அதை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போவோம்.