போட்டோல ஜி.எஸ்.எம். தெரியாது

டிசைன் படிக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி: ஆன்லைன் போர்ட்ஃபோலியோல என்ன போடணும்?

திருப்பூர்ல இதுக்குப் பதில் கொஞ்சம் வேற. இங்கே ஏற்றுமதியாளர்கள் சங்கமே நிஃப்ட்டோட சேர்ந்து 1997-ல நிஃப்ட்-டீ கல்லூரியைத் தொடங்குச்சு. அதாவது, உங்க பக்கத்தைத் திறக்கப்போறது ஓவியக் கண்காட்சி நடத்துறவர் இல்லை, பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். மாடல் போட்டோவை ரெண்டு செகண்டுல தள்ளிடுவார். என்ன நூல், என்ன ஜி.எஸ்.எம்., துவைச்சா எவ்வளவு சுருங்குச்சு? அதைத்தான் தேடுவார்.

ரவுண்டு கட்டர்ல 100 சதுர செ.மீ. வெட்டி எடை போடுறோம்ல, 1.6 கிராம் வந்தா 160 ஜி.எஸ்.எம். தராசோட அதை ஒரு போட்டோ எடுங்க. துவைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டேப் வெச்சு ஒண்ணு. கழுத்து ரிப் அலையடிச்ச முதல் சாம்பிளையும் போடுங்க. அதை எப்படிச் சரி பண்ணீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. எனக்கென்னமோ அந்த ரெண்டு வரிதான் வேலை வாங்கித் தரும்னு தோணுது.

இன்டர்ன்ஷிப்ல பார்த்த பையர் டிசைனை மட்டும் அனுமதி இல்லாம ஏத்தாதீங்க. அது உங்களுது இல்லை.

பிஹான்ஸோ சொந்த சைட்டோ, ஒரிஜினல் ஃபைல் உங்ககிட்ட இருக்கட்டும். யாஹூ 2009-ல ஜியோசிட்டீஸை மூடினப்போ எத்தனையோ பேரோட பக்கங்கள் போச்சு. உங்க சாம்பிளோ அதுக்கு முன்னாடியே கட்டிங் வேஸ்ட் மூட்டையோட போயிடும்.

அப்புறம், பேட்டர்ன் போட்டது யார், தைச்சது யார்னு பேர் போடுங்க. தைச்சுக் கொடுத்த டெய்லர் அக்கா சரின்னு சொன்னா, அவங்க பேரும்.