பதிமூன்றாம் நாள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு கடல் பாதுகாப்பு. கேட்டதும் சிரிப்புதான் வந்தது. "நாம இருக்கறது சேலம், நாமக்கல் மேட்டுக்காடு. கடலைப் பார்க்கணும்னா விடிய விடிய பஸ்ஸுல போகணும். நமக்கு எதுக்குங்க கடல்?" என்று கேட்டேன். "யோசிச்சுப் பாரு" என்றார் தலைவி அக்கா. யோசித்ததைச் சொல்கிறேன்.

நம் கோழிப்பண்ணையில் தீவனம் கலக்கும் இடத்தில் ஒரு நாற்றம் அடிக்குமே, அது கருவாட்டுத்தூள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வலையில் பெரிய மீனோடு சேர்ந்து பொடி மீன், குஞ்சு மீன் எல்லாம் வரும். அதற்கு அங்கே 'சங்காயம்' என்று பேர். அதைக் காயவைத்து அரைத்து நாமக்கல் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள். முட்டை ஓடு கெட்டியாக இருக்கப் போடும் கிளிஞ்சலும் கடலிலிருந்து வருவதுதான். நாம் உடைக்கும் முட்டைக்குள் கடல் இருக்கிறது அக்கா. குஞ்சு மீனையும் சேர்த்து வாரிக்கொண்டே இருந்தால் நாளைக்கு மீன் எங்கிருந்து வரும்? நட்டம் அவர்களோடு நிற்காது, நம் வீட்டு வாசலுக்கும் வரும்.

நாம் வாங்குவது இது. திருப்பிக் கொடுப்பது என்ன? சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் டவுனுக்குள் புகுந்து வரும் திருமணிமுத்தாறு, நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் சேருகிறது. வரும் வழியில் அதில் என்னென்ன கலக்கிறது என்று அந்தக் கரையில் குடியிருக்கும் நம் உறுப்பினர்களைக் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வார்கள். ஐப்பசி மழையில் ஓடை பெருகினால் ஊர்க் குப்பை ஆற்றுக்குப் போகும். ஆற்றில் விழுந்தது கொள்ளிடம் வழியாகவோ பூம்புகார் வழியாகவோ கடலில் போய்ச் சேரும். "மழை வந்து ஓடையைச் சுத்தம் பண்ணிருச்சு" என்று நாம் சொல்வோம். சுத்தம் ஆகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி ஒரு ஊர்க் கதை சொல்கிறேன். நடந்த கதை. ராமநாதபுரம் மாவட்டம் பாம்பன் பக்கம் சின்னப்பாலம். அங்கே பெண்களுக்குக் கடல்பாசி எடுப்பதுதான் பிழைப்பு. மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி என்று பல வகை உண்டு. ஐஸ்கிரீம், மாத்திரை, துணியில் பிரிண்ட் போடும் பசை என்று பாசியிலிருந்து எடுக்கும் பொருள் எங்கெங்கோ போகிறது. எடுப்பவர் கையைப் பார்த்தால் மனசு தாங்காது. விரலில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி எடுக்க வேண்டும். பாறையும் பவளமும் கையைக் கிழிக்கும்.

அந்த மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் அரசாங்கம் அதைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. காரணம் இருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி, இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. ஆனால் தீவுப் பக்கம் போகக்கூடாது என்ற தடை, பாறை வெட்டியவர்களோடு நிற்கவில்லை. தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்கள் தலையிலும் விழுந்தது. பிடிபட்டால் அபராதம். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "எங்களை விடுங்க" என்று மட்டும் கேட்கவில்லை. கூடி உட்கார்ந்து தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது. இரும்பு வைத்துச் சுரண்டாமல் கையால்தான் எடுப்பது. அடி இருந்தால் பாசி மறுபடி தழைக்கும், பாறையும் பவளமும் உடையாது. விசைப்படகுக்குத் தடை இருக்கும் கோடை மாதத்தில் தாங்களும் நிறுத்திவைப்பது, ஏனென்றால் மீன் குஞ்சு பொரிப்பதே அந்தப் பாசிக்குள்தான். இதில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவில் சீக்காலஜி விருது கொடுத்தார்கள். சிறு வயதிலிருந்து பாசி எடுத்த பெண்மணி. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சட்டத்துக்கும் அவர்கள் பிழைப்புக்கும் நடுவில் இழுபறி இன்னும் இருக்கிறது.

இதைப் படித்தபோது என் மனசில் நின்றது விருது இல்லை. அந்தப் பதிமூன்றாம் நாள்தான். 12 நாள் முடிந்தது. பதிமூன்றாம் நாள் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவேண்டும். கடல் கண்ணெதிரே கிடக்கிறது, பாசியும் கிடக்கிறது. ஒருத்தி இறங்கினால் அடுத்தவள் ஏன் கரையில் உட்காருவாள்? ஒருத்தி மீறினால் எல்லோருக்கும் போச்சு. எல்லோரும் நின்றால்தான் ஒருத்தியால் நிற்க முடியும்.

இது நமக்குத் தெரியாத பாடமா? தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. அடுத்த சில வருஷத்தில் நம் சேலத்துக்கும் வந்தது, அதே திட்டத்தில் ராமநாதபுரத்துக்கும் போனது. அப்போது நாமக்கல்லும் சேலத்தோடு ஒன்றுதான். ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் நாம். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் குழுவுக்கே கடன் நிற்கும் என்று நமக்கும் தெரியும்.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழு கல்யாண சமையல் ஆர்டர் எடுக்கும் குழு. அரசாங்கம் 2019 ஜனவரியிலேயே பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பையைத் தடை செய்துவிட்டது. ஆனாலும் கேட்கிறவர்களுக்கு வாங்கிப் போட்டோம். பந்தி முடிந்ததும் எச்சில் தட்டை மூட்டை கட்டி ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் தள்ளிவிட்டு வந்தோம். அந்த மூட்டையில் ஒரு முனையை நானும் பிடித்திருக்கிறேன். போன வருஷம் "இனிமே வாழை இலை, எவர்சில்வர் டம்ளர்தான்" என்று தீர்மான நோட்டில் எழுதினோம். என்ன ஆச்சு? தை மாசத்தில் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போச்சு. பாத்திர வாடகை சேர்த்தால் நம் ரேட் ஜாஸ்தி என்று வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழுவும் இதே பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறது. கோபம் இல்லை தங்கச்சி, நான் உன் இடத்தில் இருந்தாலும் எடுத்திருப்பேன். சித்திரையில் நாங்களும் பழையபடி பிளாஸ்டிக்குக்கே போய்விட்டோம். அதுதான் எங்கள் பதிமூன்றாம் நாள். எங்களால் நிற்க முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். கூட்டமைப்பு நிதியிலிருந்து ஐந்நூறு பேருக்கு எவர்சில்வர் தட்டு, டம்ளர் வாங்கிப் போடுங்கள். சமையல் ஆர்டர் எடுக்கும் எல்லாக் குழுவுக்கும் ஒரே வாடகை. தண்ணி ஊற்றிக் கழுவ ஆள் கூலியையும் சேர்த்துச் சொல்லுவோம். எந்தக் குழு போனாலும் அதே பாத்திரம், அதே ரேட். அப்போது ஆர்டர் யாருக்கும் கைமாறாது. மீறினால் என்ன அபராதம் என்பதையும் நாமே எழுதுவோம், எங்கள் குழு பேரை முதலில் போட்டு.

கடலைக் காப்பாற்ற நம்மை யாரும் கூப்பிடவில்லை. நம் ஓடையை வேறு யாரும் வந்து பார்க்கப் போவதும் இல்லை. தீர்மான நோட்டு செயலாளர் அக்கா கையில் இருக்கிறது. சாப்பாட்டு மணிக்கு முன்னால் எழுதிவிட்டால் நல்லது.