பிளக்ஸில் இருந்த பிள்ளை



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் பள்ளி வாசல்களில் பிளக்ஸ் வைக்கிறோம். பிள்ளைகளின் படம், மதிப்பெண், மேலே பங்குத்தந்தையின் படம் சற்றுப் பெரிதாக! உழைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். மற்றவர்களுக்கும் அது ஊக்கம்.

ஆனால் அப்படிப் படம் வந்த ஒரு மாணவன் மாதக்கணக்கில் மிரட்டலுக்குள் வாழ்ந்ததை நாம் அறியவில்லை. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். போனில் பெண் பெயரில் பழகிய யாரோ, அவனிடம் ஒரு படத்தை வாங்கிக்கொண்டு, பணம் கேட்டுத் துன்புறுத்தியிருக்கிறார். "ஏன் தம்பி சொல்லவில்லை?" என்று கேட்டோம். "பிளக்ஸில் என் படம் இருக்கே, பாதர்" என்றான்.

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில், இளைய மகன் தயாரித்து வந்த மன்னிப்பை முழுவதும் சொல்லி முடிக்கக்கூடத் தந்தை விடவில்லை. தொலைவில் கண்டதுமே ஓடுகிறார். நாமோ விசாரணையில் தொடங்குகிறோம்.

போனே பாவம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிஸ், 15 வயதில் இறப்பதற்குள் நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் தந்தவர்.

பெற்றோரே, இப்படி நேர்ந்தால் பணம் அனுப்பாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவைதாம் சான்று. இணையக் குற்றங்களுக்கு 1930, சிறார் உதவிக்கு 1098 என்ற எண்களை அழையுங்கள்.

அந்தத் தந்தை மகனின் போனைப் பிடுங்கவில்லை. அன்றிரவே அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார்.